சோதிடமும் திருச்சபையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சோதிடத்தைக் கிறிஸ்தவம் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டது என்கிறார்கள். அப்படியானால் மத்தேயு நற்செய்தியில் விண்மீனைப் பார்த்துப் புறப்பட்டு வந்த ஞானிகளை என்ன செய்வது? மறுக்கிற ஒன்றை இயேசுவின் பிறப்புக் கதையிலேயே வைத்திருப்பது முரண் இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முரண்தான். ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களுக்கும் அது உறுத்தியிருக்கிறது. நற்செய்தி வரும்வரைதான் அந்தக் கலைக்கு அனுமதி, அதோடு சரி என்று ஆரம்பகாலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் சமாளித்தார்.

புனித அகஸ்டின் இளமையில் சோதிட நூல்களில் ஊறிக் கிடந்தவர். அதிலிருந்து அவரை முற்றாக வெளியே கொண்டுவந்தது ஃபிர்மினஸ் என்ற நண்பர் சொன்ன குடும்பக் கதை. ஃபிர்மினஸின் தந்தைக்கும் தந்தையின் நண்பருக்கும் சோதிடப் பித்து. வீட்டு விலங்குகள் ஈனும் நேரத்தைக்கூடக் குறித்து வைப்பார்களாம். ஃபிர்மினஸ் பிறந்த அதே நேரத்தில் அந்த நண்பர் வீட்டு அடிமைப் பெண்ணுக்கும் பிள்ளை பிறந்தது. சேதி சொல்ல இரு பக்கமிருந்தும் ஓடிய ஆட்கள் சரியாகப் பாதிவழியில் சந்தித்துக்கொண்டார்கள். ஆக, ஒரே ஜாதகம். ஃபிர்மினஸ் செல்வாக்கோடு வளர்ந்தார். அந்தப் பிள்ளை கடைசிவரை அடிமை.

ஆனால் சோதிடம் பலிக்குமா என்பதைவிடத் திருச்சபையை அதிகம் அரித்த கேள்வி வேறு. எல்லாம் கோள்களின் வேலை என்றால் பாவத்துக்கு யார் பொறுப்பு? 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் ஒரு கோடு கிழித்தார்: கோள்கள் உடலைப் பாதிக்கலாம், மனித சித்தத்தைக் கட்டாயப்படுத்த முடியாது. அந்தச் சந்து போதுமானதாக இருந்தது. மருத்துவம், வானிலை என்ற பெயரில் சோதிடம் பல்கலைக்கழகங்களில் தாராளமாகப் புழங்கியது. 1586இல் போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் எதிர்காலம் கணிப்பதைத் தடைசெய்தபோதும் உழவு, கடற்பயணம், மருத்துவம் மூன்றுக்கும் விலக்கு உண்டு.

அப்புறம் போப் எட்டாம் உர்பன் வருகிறார், எனக்கு மிகவும் பிடித்த ஆள். கிரகணம் தன் உயிரைக் குடித்துவிடும் என்று அவருக்குப் பயம். 1628இல் காம்பனெல்லா என்ற துறவியோடு ஓர் அறைக்குள் அடைந்துகொண்டார். வெளிக்காற்று புகாதபடி அடைப்பு, சுற்றிலும் வெண்துணி, பன்னீர், நறும்புகை, இதமான இசை. சூரிய சந்திரருக்கு இரண்டு விளக்குகள், ஐந்து கோள்களுக்கு ஐந்து பந்தங்கள். வெளியே வானம் கெட்டுப்போனாலும் உள்ளே ஒரு நல்ல வானம்!

இதே உர்பன்தான் 1631இல் சோதிடத்துக்கு எதிராகக் கடுமையான ஆணை பிறப்பித்தார். போப்பின் மரணத்தைக் கணித்தால் மரண தண்டனை. அவருடைய நெருங்கிய உறவினர்களின் மரணத்தைக் கணித்தாலும் அதேதான்.