இலட்சியத்தையும் உழைப்பையும் ஆங்கிலத்தில் சொல்ல: குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

வேலைக்கான நேர்காணல், வெளிநாடு செல்ல எழுதும் தேர்வு, கல்லூரி விண்ணப்பம் என எங்கே போனாலும் 'உங்கள் இலட்சியம் என்ன, அதற்காக இதுவரை என்ன செய்தீர்கள்' என்ற கேள்வி வந்து நிற்கிறது. நான் மார்த்தாண்டத்தில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். இது பற்றி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படிக்க அதுவே வசதி.

நாகர்கோவில், பொறியியல் இறுதியாண்டு மாணவர்: டீச்சர், நேர்காணலில் 'மை ஆம்பிஷன் இஸ் டு பிகம் எ சக்சஸ்ஃபுல் பெர்சன்' என்று சொல்லலாமா? ஆம்பிஷன், எய்ம், கோல், டார்கெட் எல்லாம் ஒன்றுதானா?

இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் உங்களுக்கு முன்னால் உள்ளே போனவர்களும் அதையே சொல்லியிருப்பார்கள். கேட்பவர் காதில் அது ஏறாது. எதில் வெற்றி என்பதைச் சொல்லுங்கள்.

நான்கும் நெருங்கிய சொற்கள்தான், ஆனால் ஒன்றல்ல. 'ஆம்பிஷன்' பல ஆண்டுகளாக மனதில் இருக்கும் பெரிய ஆசை. 'கோல்' நீங்களே வகுத்துக்கொண்டு எட்டக்கூடியது. 'டார்கெட்' என்றால் பெரும்பாலும் எண்ணோ தேதியோ கூடவே வரும். விற்பனை வேலைக்குப் போனால் மாதந்தோறும் கேட்பீர்கள். 'எய்ம்' ஒரு செயலின் நோக்கம். சொல்லைவிட அதோடு சேரும் வினையில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். 'செட் எ கோல்', 'அச்சீவ் எ கோல்', 'மீட் எ டார்கெட்', 'ஃபுல்ஃபில் அன் ஆம்பிஷன்' என்று ஜோடியாகவே மனப்பாடம் செய்யுங்கள்.

உங்கள் வாக்கியத்தை இப்படி மாற்றலாம்: 'ஐ வான்ட் டு வொர்க் ஆன் எலக்ட்ரிக் வெஹிக்கிள்ஸ். மை கோல் திஸ் இயர் இஸ் டு ஃபினிஷ் எ கோர்ஸ் ஆன் பேட்டரி சிஸ்டம்ஸ்.' முதல் வாக்கியத்தில் ஆசை, இரண்டாவதில் அதற்கான வேலை. கேட்பவருக்கு அடுத்த கேள்வி கேட்க ஒரு பிடி கிடைத்துவிடும்.

'ஆம்பிஷஸ்' என்ற சொல்லில் கவனமாக இருங்கள். இலத்தீனில் 'ஆம்பிஷியோ' என்றால் சுற்றி வருதல். பண்டைய ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் வாக்குக் கேட்டுச் சுற்றி வந்ததை அது குறித்தது. பதவி ஆசை என்ற சாயல் இன்றும் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவரை 'ஷி இஸ் ஆம்பிஷஸ்' என்றால் பாராட்டாகவும் இருக்கலாம், குத்தலாகவும் இருக்கலாம். மேலதிகாரி உங்கள் திட்டத்தைப் பார்த்து 'தட்ஸ் அன் ஆம்பிஷஸ் பிளான்' என்றால், நடப்பது கடினம் என்று அவர் நினைக்கிறார் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குழித்துறை: வேலை வாழ்க்கையைக் குறிக்கும் சொல்லை 'கேரியர்' என்று சொன்னால் தவறா?

தவறுதான். சோறு கொண்டுபோகும் கேரியர் வேறு. இதற்கு அழுத்தம் இரண்டாம் அசையில்: 'க-ரியர்'. முதல் அசையை விழுங்கிச் சொன்னால் சரியாக வரும்.

தக்கலை, செவிலியர்: மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்குப் படிக்கிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடக்கத் தயங்கும் நோயாளிக்கு ஊக்கம் சொல்லும் பகுதியில் 'யூ மஸ்ட் டிரை ஹார்ட்' என்றுதான் எனக்கு வருகிறது. வேறு எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. தேர்வு முடிந்த பிறகும் வார்டில் நாள்தோறும் உங்களுக்குப் பயன்படப்போவது இதுதான்.

ஓஇடி பேச்சுத் தேர்வில் இரண்டு சூழல்களைத் தருவார்கள். ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம் தயாரிப்பு, ஏறக்குறைய 5 நிமிடம் உரையாடல். அந்த ஐந்து நிமிடத்தில் நோயாளியின் மனதைப் புரிந்துகொண்டு பேசுகிறீர்களா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. 'யூ மஸ்ட் டிரை ஹார்ட்' என்பது நமக்கு அக்கறையாகத் தோன்றும். வலியில் இருப்பவருக்கோ, 'நீ போதிய முயற்சி எடுக்கவில்லை' என்ற கண்டிப்பாக அது ஒலிக்கும்.

முதலில் அவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று காட்டுங்கள்: 'ஆன் மண்டே, யூ நீடட் டூ ஆஃப் அஸ் டு ஹெல்ப் யூ ஸ்டாண்ட். டுடே யூ வாக்ட் டு த டோர் வித் யுவர் ஃபிரேம். யூ ஆர் மேக்கிங் குட் ப்ராக்ரஸ்.' பிறகு அடுத்த அடி: 'லெட்ஸ் டேக் இட் ஒன் ஸ்டெப் அட் எ டைம்.' அவர் கால் தடுமாறி மனம் சோர்ந்திருந்தால், 'ஐ கேன் சீ திஸ் இஸ் ஃப்ரஸ்ட்ரேட்டிங் ஃபார் யூ' என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அதன் பிறகு 'இட்ஸ் எ ஸ்மால் செட்பேக்' (சின்னப் பின்னடைவுதான்) என்று சொல்லுங்கள். வரிசை மாறக் கூடாது. வருத்தத்தைக் கேட்காமல் ஊக்கத்தைத் தொடங்கினால் அது மேலே விழும் அறிவுரையாகிவிடும்.

'ப்ராக்ரஸ்' எண்ண முடியாத பெயர்ச்சொல். ஆகவே 'எ குட் ப்ராக்ரஸ்' இல்லை, 'ப்ராக்ரஸஸ்' இல்லை. 'டூ ப்ராக்ரஸ்' என்றும் சொல்வதில்லை. எப்போதும் 'மேக் ப்ராக்ரஸ்'. பெயர்ச்சொல்லில் முதல் அசைக்கு அழுத்தம், வினையாக வரும்போது இரண்டாம் அசைக்கு.

குலசேகரம், கல்லூரி மாணவி: என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். உதவித்தொகை விண்ணப்பத்துக்கு மாதிரிக் கடிதம் கொடுத்த ஒருவர் 'மை ஃபாதர் இஸ் எ கூலி' என்று எழுதித் தந்தார். அதை அப்படியே எழுதலாமா? முதல் பட்டதாரி என்பதை எப்படிச் சொல்வது?

வேண்டாம் மக்களே, அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். அதில் இழிவு எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் அது காலனி ஆட்சிக் காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்களைத் தாழ்த்திச் சொன்ன சொல். தென்னாப்பிரிக்காவில் இன்றும் அது இந்திய வம்சாவளியினரை நோக்கிய வசைச்சொல். பொதுவாகச் சொல்வதானால் 'டெய்லி-வேஜ் வொர்க்கர்' இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கோ தொழிலின் பெயரே இருக்கிறது: 'ரப்பர் டாப்பர்'. அது கைத்திறன் வேண்டும் தொழில். பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் புண்படும், மேலாக வெட்டினால் பால் வராது.

உதவித்தொகைக் குழுவில் இருப்பவர்கள் ரப்பர் தோட்டத்தையே பார்த்திராதவர்களாக இருக்கலாம். இரண்டு வரியில் காட்டிவிடுங்கள்: 'மை ஃபாதர் இஸ் எ ரப்பர் டாப்பர். ஹி ஸ்டார்ட்ஸ் பிஃபோர் டான் வித் எ ஹெட்லாம்ப், பிகாஸ் லேடெக்ஸ் ஃப்ளோஸ் பெஸ்ட் இன் த கூல் அவர்ஸ்.' வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பது உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. விடுமுறையில் நீங்கள் சிரட்டையிலிருந்து பால் எடுத்து ஊற்றியிருந்தால், பட்டையில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் பொறுக்கியிருந்தால் அதையும் எழுதுங்கள்: 'ஐ ஹெல்ப் ஹிம் கலெக்ட் த லேடெக்ஸ் ட்யூரிங் மை ஹாலிடேஸ்.' 'வி ஆர் வெரி புவர்' என்ற வரியைவிட இந்த மூன்று வாக்கியங்கள் உங்கள் வீட்டை நன்றாகக் காட்டும்.

முதல் பட்டதாரிக்கு 'ஃபர்ஸ்ட்-ஜெனரேஷன் கிராஜுவேட்' என்று எழுதலாம். நான் விரும்புவது இதை: 'ஐ வில் பி த ஃபர்ஸ்ட் இன் மை ஃபேமிலி டு கிராஜுவேட்.' நம் மாவட்டத்துச் சரக்கல்விளையில் விவசாயி வீட்டில் பிறந்து, தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்து, 2018-இல் இஸ்ரோவின் தலைவரான சிவனும் தன் குடும்பத்தின் முதல் பட்டதாரிதான். கூச்சப்படாமல் அந்த வாக்கியத்தைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே வையுங்கள்.

குளச்சல், வளைகுடாவில் வேலை செய்பவர்: உதவியாளாகச் சேர்ந்து இப்போது மேற்பார்வையாளராக இருக்கிறேன். 'ஐ ஆம் ஹேவிங் எக்ஸ்பீரியன்ஸ் சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்' என்று சுயவிவரத்தில் எழுதினேன். நண்பர் சிரிக்கிறார்.

சிரிக்க ஒன்றுமில்லை, ஆறு ஆண்டு உழைத்தது நீங்கள். திருத்தம் சிறியது. 'ஹேவ்' உடைமையைக் குறிக்கும்போது 'ஹேவிங்' ஆகாது. கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய ஆண்டுக்கு 'சின்ஸ்'. ஆகவே 'ஐ ஹேவ் சிக்ஸ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்', அல்லது 'ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்'.

உங்களுக்கென்றே ஆங்கிலத்தில் ஓர் அருமையான தொடர் இருக்கிறது: 'ஐ வொர்க்ட் மை வே அப் ஃப்ரம் ஹெல்ப்பர் டு சூப்பர்வைசர்.' கீழிருந்து உழைத்து மேலே வந்தேன் என்பது அதில் முழுதாக வந்துவிடும். 'ஐ வாஸ் ப்ரமோட்டட்' என்பது நிறுவனம் உங்களுக்குச் செய்தது. இதுவோ நீங்கள் செய்தது. சுயவிவரத்தில் 'ஐ வாஸ் ப்ரமோட்டட்', நேரில் பேசும்போது 'ஐ வொர்க்ட் மை வே அப்'.

தோவாளை: 'ஐ டிட் லாட் ஆஃப் எஃபர்ட்', 'ஐ வொர்க்ட் ஹார்ட்லி'. இவை சரியா?

இரண்டும் சரியில்லை. 'ஐ மேட் எ லாட் ஆஃப் எஃபர்ட்' அல்லது 'ஐ புட் எ லாட் ஆஃப் எஃபர்ட் இன்டு இட்'. 'ஹார்ட்லி' என்றால் கிட்டத்தட்ட இல்லை என்று பொருள். வினைக்குப் பின்னால் வர வேண்டியது 'ஹார்ட்' மட்டும்.

கருங்கல்: வெளிநாடு செல்ல எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸின் பேச்சுத் தேர்வில், விடாமுயற்சியைக் குறிக்கும் 'பெர்சிவியரன்ஸ்', 'டெனாசிட்டி' போன்ற சொற்களைப் போட்டால்தான் மதிப்பெண்ணா?

சொல்வளம் நான்கு அளவுகோல்களில் ஒன்று. ஆனால் சொல் அரிதா என்று மட்டும் பார்ப்பதில்லை. இடம் பொருந்துகிறதா என்றும் பார்க்கிறார்கள். இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் பெரிய சொல்லைத் தேடாதீர்கள், நடந்ததை வரிசைப்படுத்துங்கள். 'ஐ ஃபவுண்ட் இட் டஃப் அட் ஃபர்ஸ்ட், பட் ஐ கெப்ட் அட் இட்' என்றால் விடாமுயற்சி வந்துவிட்டது. 'ஐ நியர்லி கேவ் அப்' என்று ஒரு வரி சேர்த்தால் கதைக்கு உயிர் வரும்.

'ஐ சக்சஸ்ட்' என்று மட்டும் சொல்லாதீர்கள். வினை 'சக்சீட்': 'ஐ சக்சீடட் இன் கெட்டிங் த ஜாப்.'

நாகர்கோவில், பட்டதாரி: 'அரியர்', 'பாஸ்ட் அவுட்', 'ஃப்ரெஷர்' எல்லாம் வெளிநாட்டில் புரியுமா?

புரியும், ஆனால் வேறாக. பிரிட்டனில் 'அரியர்ஸ்' என்றால் கட்டாத வாடகை, கடன் பாக்கி. 'பாஸ்ட் அவுட்' என்றால் மயங்கி விழுந்தேன். 'ஃப்ரெஷர்' அங்கே பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர். 'ஐ ஹேட் டு ரீடேக் டூ சப்ஜெக்ட்ஸ்', 'ஐ கிராஜுவேட்டட் இன் 2023', 'ஐ ஆம் எ ரீசன்ட் கிராஜுவேட்' என்று எழுதுங்கள். உள்ளூர் நிறுவனத்துக்குப் பழைய சொற்களே போதும்.

தூத்தூர், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்: ராக்கெட் துறைக்குப் போக ஆசை. இஸ்ரோ தலைவர் நாராயணனைப் போல் ஆக வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது?

'ஐ வான்ட் டு ஃபாலோ இன் ஹிஸ் ஃபுட்ஸ்டெப்ஸ்.' நடுவில் 'இன்' வேண்டும், அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மதிக்கிறேன் என்பதற்கு 'ஐ லுக் அப் டு ஹிம்'. அதற்கு அடுத்த வாக்கியம் உங்களுடையதாக இருக்கட்டும். நம் மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரரான அவர் 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்தார், வேலையில் இருந்துகொண்டே மேற்படிப்புகளை முடித்தார். அதில் எது உங்களை இழுக்கிறது? 'ஐ அட்மயர் ஹவ் ஹி கெப்ட் ஸ்டடியிங் வைல் வொர்க்கிங்' என்று காரணத்தோடு சொன்னால், பெயரை மட்டும் மனப்பாடம் செய்யவில்லை என்று தெரியும்.

மார்த்தாண்டம், இல்லத்தரசி: குழந்தைகளுக்காகப் பல வருடம் வேலைக்குப் போகவில்லை. இப்போது கணக்காளர் வேலைக்கு நேர்காணல். 'சும்மா வீட்டில் இருந்தேன்' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

அதைத் தமிழிலும் சொல்லாதீர்கள். 'ஐ வாஸ் சிம்ப்ளி அட் ஹோம்' என்ற வாக்கியத்தை நேர்காணலுக்கு எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். 'ஐ டுக் எ கரியர் பிரேக் டு ரெய்ஸ் மை சில்ட்ரன்' என்பது எங்கும் மதிக்கப்படும் வாக்கியம். 'சாரி' என்று தொடங்காதீர்கள், குரலையும் தாழ்த்தாதீர்கள். உடனே இன்றைய நிலைக்கு வாருங்கள்: 'ஐ ஹேவ் பிரஷ்ட் அப் ஆன் மை அக்கவுண்டிங் அண்ட் லேர்ன்ட் ஹவ் டு ஃபைல் ஜிஎஸ்டி ரிட்டர்ன்ஸ்.' மறந்ததைப் புதுப்பித்துக்கொண்டேன் என்பதற்கு 'பிரஷ் அப் ஆன்' மிகப் பொருத்தம். ஜிஎஸ்டி 2017-இல்தான் வந்தது. நீங்கள் அதற்கு முன்பே வேலையை விட்டவர் என்றால், அதைக் கற்றுக்கொண்டதே உங்கள் முயற்சிக்குச் சான்று. சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதியிருந்தால் அதுவும் அனுபவம்தான்: 'ஐ கெப்ட் த அக்கவுண்ட்ஸ் ஃபார் எ விமன்ஸ் செல்ஃப்-ஹெல்ப் குரூப்.' இந்த மூன்று வாக்கியங்களையும் இன்று மாலையே வீட்டில் யாரையாவது எதிரில் உட்கார வைத்துச் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், அந்த இடத்தை மட்டும் சேர்ந்து சரிசெய்வோம்.