முகப்பு ஒன்று, முகவரி நாலு: வாசகர் கேள்விகள்

பர்கூர், ஜவுளி வியாபாரி: எங்கள் தளம் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டாலும் திறக்கிறது, போடாவிட்டாலும் திறக்கிறது. கூகுள் தண்டிக்குமா?

தண்டிக்காது. ஆனால் எச்டிடிபி, அதன் பாதுகாப்பான வடிவமான எச்டிடிபிஎஸ், டபிள்யூ உள்ளது, இல்லாதது என்று ஒரே முகப்புக்கு நாலு முகவரி ஆகிவிடுகிறது. முகப்பின் கோப்புப் பெயரான இண்டெக்ஸ் டாட் பிஎச்பி சேர்ந்தால் எட்டு. நீங்கள் ஒன்றைச் சொல்லாவிட்டால் கூகுளே ஒன்றை எடுத்துக்கொள்ளும். அது உங்கள் விசிட்டிங் கார்டில் இருப்பதாக இருக்கும் என்று நம்ப முடியாது. ஒன்றை முடிவு செய்து, மற்ற எல்லாவற்றையும் 301 (நிரந்தரமாக வேறு முகவரிக்குத் திருப்பும் ரீடைரக்ட்) போட்டு அதற்கே அனுப்புங்கள். ஒரே பாய்ச்சலில் போய்ச் சேர வேண்டும். மூன்று இடம் சுற்ற விடாதீர்கள்.

ஓசூர், மாணவர்: டபிள்யூ வைப்பது நல்லதா, எடுப்பதா?

ரேங்க்குக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றிக்கொண்டே இருப்பதுதான் கெடுதல்.

கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஏற்றுமதியாளர்: டூப்ளிகேட் வரக்கூடாது என்று டெவலப்பர் எல்லாப் பக்கத்திலும் கனானிக்கல் (ஒரே மாதிரிப் பக்கங்களில் எது மூலம் என்று கூகுளுக்குச் சொல்லும் வரி) போட்டார். இப்போது பெங்களூரா கூழ் பக்கமே கூகுளில் இல்லை. ஏன்?

இந்தக் கடிதத்தை வெவ்வேறு ஊர்க்காரர்கள் எழுதி எத்தனை முறை படித்துவிட்டேன்! அந்தப் பக்கத்தைத் திறந்து, வியூ சோர்ஸ் (பக்கத்தின் நிரல்) போய், கனானிக்கல் என்று தேடுங்கள். அங்கே முகப்பு முகவரி இருக்கும். பந்தயம் கட்டுகிறேன்.

எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான ஹெடர் டெம்ப்ளேட்டில் அந்த ஒரே வரியை எழுதிவிட்டால் தளத்தின் எல்லாப் பக்கமும் "நான் முகப்பின் நகல், என்னை விட்டுவிடு" என்று கூகுளிடம் சொல்கிறது. பல சமயம் கூகுள் அதை நம்பாமல் ஒதுக்கும். நம்பிய இடத்தில் பக்கம் காணாமல் போகும். தளம் கூகுளில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் அதற்குக் கிடைக்கும் பெயர் "ஆல்டர்னேட் பேஜ் வித் ப்ராப்பர் கனானிக்கல் டேக்", அதாவது சரியான கனானிக்கல் உள்ள மாற்றுப் பக்கம். அந்த "ப்ராப்பர்" என்ற சொல்லைப் பார்த்து எல்லாம் சரி என்று எத்தனை பேர் மூடிவிட்டுப் போகிறார்கள்! ஓசூர்ப் பக்கம் ரோஜா நாற்று விற்பவர் ஒருவருக்கு அறுபது பக்கம் இப்படிக் கிடந்ததைப் பார்த்தேன். திருத்தியது ஒரே வரி. திரும்பி வரப் பல வாரம் ஆனது. அதற்குள் அவருக்கு நடவுப் பருவம் போய்விட்டது.

கனானிக்கல் 2009-இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது. அது கட்டளை அல்ல, குறிப்பு. நகல் அல்லாத ஒவ்வொரு பக்கமும் தன் சொந்த முகவரியைக் காட்ட வேண்டும். முகப்பு மட்டுமே முகப்பைக் காட்டலாம். காசு வாங்கி வேலை செய்பவர் இதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். தெரியாவிட்டால் அந்த வரியைத் தொடவே கூடாது.

பாலக்கோடு: ரீடைரக்ட் போட்டேன், சைட் ஓடவில்லை. என்ன செய்வது?

எந்த வரி, எந்த சர்வர், என்ன பிழை, எதுவும் எழுதவில்லை. அடுத்த முறை எழுதுங்கள். "டூ மெனி ரீடைரக்ட்ஸ்" என்று வந்திருந்தால் இதுதான் காரணமாக இருக்கும்: முகப்பைக் கேட்டால் சர்வர் மென்பொருளான அப்பாச்சி உள்ளுக்குள் இண்டெக்ஸ் டாட் பிஎச்பியைத்தான் எடுக்கும். உங்கள் ரீடைரக்ட் விதி அதையும் பிடித்து முகப்புக்கே திருப்புகிறது, சுற்றிக்கொண்டே இருக்கும். உலாவி நேரடியாகக் கேட்டதை மட்டும் பிடிக்க, உலாவி அனுப்பிய அசல் கோரிக்கையை வைத்திருக்கும் 'தி ரிக்வெஸ்ட்' மாறியை வைத்து நிபந்தனை எழுதுங்கள். இந்த விதிகளை எழுதும் எச்டிஆக்சஸ் கோப்பைத் தொடுமுன் ஒரு பிரதி எடுங்கள். எடுக்காமல் தொடவே தொடாதீர்கள்.

ஒகேனக்கல், விடுதி நடத்துபவர்: ஆறு மாதமாக 302 இருக்கிறது. பரவாயில்லையா?

302 தற்காலிகத்துக்கு. நிரந்தரமாக மாறிவிட்டீர்கள் என்றால் 301 ஆக்குங்கள், ஒரு வருஷமாவது எடுக்காதீர்கள். 301-ஐ உலாவி நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால் இன்காக்னிட்டோவில் சோதியுங்கள்.

காவேரிப்பட்டணம்: சர்ச் கன்சோலில் விருப்ப டொமைன் (டபிள்யூ உள்ளதா, இல்லாததா) தேர்வைக் காணோம்.

2019-இலேயே எடுத்துவிட்டார்கள்.

தருமபுரி: ரீடைரக்ட் சரியாக இருந்தும், டபிள்யூ இல்லாமல் எச்டிடிபிஎஸ் அடித்தால் "பாதுகாப்பற்றது" என்று வருகிறது.

உங்கள் தளத்தின் எச்டிடிபிஎஸ் சான்றிதழில் ஒரு பெயர்தான் இருக்கிறது. ரீடைரக்ட் நடப்பதற்கு முன்பே உலாவி சான்றிதழைப் பார்த்துவிடும். இரண்டு பெயரையும் சேர்த்துப் புதிதாக வாங்குங்கள். சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டில் காசு கேட்பதில்லை. முடித்ததும் நாலு முகவரியையும் ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள்.