இதழியல் அறம் உலகம் முழுமைக்கும் பொதுவானதா, பண்பாட்டுக்குப் பண்பாடு மாறுவதா?

உண்மையைச் சொல்லவேண்டும் என்பதில் எங்கும் பெரிய சண்டை இல்லை. பன்னாட்டு இதழாளர் கூட்டமைப்பு 1954-இல் போர்தோ நகரில் ஏற்ற அறிக்கையும் 2019-இல் துனிசில் ஏற்ற சாசனமும், உண்மையையும் அதை அறியும் மக்களின் உரிமையையும் மதிப்பதே செய்தியாளரின் முதல் கடமை என்கின்றன. அந்த உண்மையால் காயப்படக்கூடியவர்களில் யாரை முதலில் காப்பது என்ற இடத்தில்தான் நாடுகள் பிரிகின்றன.

2011 மே மாதம், பன்னாட்டு நாணய நிதியத்தின் அன்றைய தலைவரான பிரெஞ்சுக்காரர் டொமினிக் ஸ்ட்ராஸ் கான் பாலியல் புகாரின் பேரில் நியூயார்க்கில் கைதானபோது, கைவிலங்குடன் அவர் அழைத்துச் செல்லப்பட்ட படத்தை அமெரிக்கப் பத்திரிகைகள் தயக்கமின்றி வெளியிட்டன. தீர்ப்புக்கு முன்பு ஒருவரை அவருடைய இசைவின்றி விலங்குடன் காட்டுவதை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்திருந்த பிரான்சில் இது பெரும் அதிர்ச்சியை எழுப்பியது. ஆனால் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் பிரெஞ்சு ஊடகங்கள் விரைவிலேயே வெளியிட்டுவிட்டன. அமெரிக்காவின் பெரிய ஊடகங்களோ, சட்டத் தடை ஏதும் இல்லாதபோதும், அவரே பேட்டியளிக்க முன்வரும்வரை பெரும்பாலும் காத்திருந்தன. (குற்றச்சாட்டுகள் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே கைவிடப்பட்டன என்பதையும் சொல்லிவிடவேண்டும்.) இரு தரப்பும் தீங்கு செய்யக்கூடாது என்றே நம்பின, ஒன்று குற்றம் சாட்டப்பட்டவரின் மானத்தை முன்வைத்தது, மற்றது புகார் கொடுத்தவரின் மானத்தை. இதில் ஒன்றை மட்டும் நாகரிகம் என்று என்னால் சொல்ல இயலவில்லை.

ஆகவே பண்பாட்டு வேறுபாட்டுக்கு இடம் உண்டு. ஆனால் அதை யார் கேட்கிறார் என்று பார்க்கவேண்டும். ஆஸ்திரேலியப் பழங்குடிச் சமூகங்கள் பலவற்றில் இறந்தவரின் பெயரையும் படத்தையும் துக்க காலத்தில் தவிர்ப்பது வழக்கம். அதனால் அந்நாட்டு ஒளிபரப்புகள் அத்தகைய காட்சிகளுக்கு முன் எச்சரிக்கை வெளியிடுகின்றன. அங்கே விலக்குக் கேட்பவர்கள் இழப்பைச் சுமப்பவர்கள். 1970களிலும் 80களிலும் யுனெஸ்கோவில் நடந்த விவாதம் வேறு வகையானது. உலகச் செய்தி ஓட்டம் ஒருசில மேலை நாட்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது என்ற வளரும் நாடுகளின் முறையீடு நியாயமானதே; ஆயினும் அதன் நிழலில் தம் நாட்டுச் செய்தியாளர்களுக்கு வாய்ப்பூட்டுப் போட விரும்பிய அரசுகளும் நின்றன. ஆள்பவர் 'எங்கள் பண்பாடு' என்று தொடங்கும்போது எனக்கு ஐயம் வருகிறது.

பண்பாடு என்ற பெயரே இல்லாமல் நடக்கும் பாகுபாடும் ஒன்று உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில், கோபுரத்திலிருந்து விழுந்துகொண்டிருந்த ஒரு மனிதரின் படத்தை மறுநாள் வெளியிட்ட அமெரிக்க நாளிதழ்கள், வாசகர்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் அதைப் பெரும்பாலும் தவிர்த்தன. தொலைதூரப் போர்களில் இறந்தவர்களின் முகங்களுக்கு அத்தகைய தயக்கம் பல வேளைகளில் கிடைப்பதில்லை, ஏனெனில் அவர்களுடைய உறவினர்கள் அந்த நாளிதழின் வாசகர்கள் அல்லர்.