பவளத் தொட்டிக்குக் கடலில் இருந்து வந்த லைவ் ராக் தேவையா, உலர் பாறை போதுமா?

முதன்முறையாகக் கடல்நீர்த் தொட்டி அமைத்துப் பவளம் வளர்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். உயிர் எதுவும் ஒட்டியிராத காய்ந்த கல்லான உலர் பாறையே போதும், பூச்சித் தொல்லை இல்லை என்கிறார் ஒருவர். கடல் பாறை இல்லாத தொட்டி தொட்டியே இல்லை என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

நான் இரண்டு விதமாகவும் தொட்டி வைத்திருக்கிறேன். கடல் பாறை வையுங்கள் என்பதே என் பதில். ஆனால் கொஞ்சமாக வையுங்கள், கடற்பண்ணையில் விளைந்ததாகப் பார்த்து வாங்குங்கள், தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்திருக்காமல் ஒரு துண்டைக்கூட உள்ளே இறக்காதீர்கள்.

லைவ் ராக் என்ற பெயரால் பாறைக்கே உயிர் இருப்பதாகச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். பாறை உயிரற்றதுதான். இறந்த பவளங்களின் கூடும் சுண்ணாம்புப் பாசிகளின் படிவும் இறுகிக் கல்லானது அது. உயிர் என்பது அதில் குடியிருக்கும் கூட்டம். நல்ல துண்டு ஒன்றைக் கையில் எடுத்தால், பார்வைக்குத் தெரியும் பருமனைவிட இலேசாக இருக்கும். உள்ளே அவ்வளவு துளைகள். மீன் கழிவில் இருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் வெளிப்பரப்பில் வாழ்கின்றன. ஆக்சிஜன் எட்டாத உட்துளைகளில் வேறொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகிறது. இவற்றில் எத்தனை வகை உண்டு என்பது இன்னும் முழுதாக எண்ணி முடிக்கப்படவில்லை. அம்மோனியாவை உண்டு வாழும் ஆர்க்கியா (பாக்டீரியா போலத் தெரிந்தாலும் தனி வகையான நுண்ணுயிரி) ஒன்றை முதன்முதலில் தனியே பிரித்து வளர்த்து 2005இல் அறிவித்தார்கள். அது கிடைத்த இடம் ஆழ்கடல் அல்ல, சியாட்டில் நகரக் கடல் காட்சியகத்தின் ஒரு தொட்டி.

பாறையை வடிகட்டியாகப் பயன்படுத்துவது புதிய யோசனையும் அல்ல. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961இலேயே உயிருள்ள பாறை, காற்றுக்குமிழி, வெளிச்சம் ஆகியவற்றைக் கொண்டு பவளம் வளர்த்த முறையை எழுதினார். 1970களில் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் அதோடு நீரின் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் என்ற கருவியைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்று நாம் வைத்திருக்கும் பெரும்பாலான தொட்டிகளுக்கு அதுதான் முன்னோடி.

இனி என் கதை. முதல் தொட்டி முழுக்க உலர் பாறை. புட்டியில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றினேன், மூன்று வாரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தன. சோதனைக் கருவியின்படி தொட்டி தயார். ஆனால் அடுத்த எட்டு மாதங்கள் நான் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே இருந்தேன். முதலில் மணல் முழுக்கப் பழுப்புத் தூள் படர்ந்தது. அது போனதும் முடிப்பாசி. அதையும் பிடுங்கி முடித்தபோது, சளி போல இழை இழையாகத் தொங்கி ஒவ்வொரு நுனியிலும் ஒரு காற்றுக்குமிழியைப் பிடித்து நிற்கும் டைனோஃபிளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) என்ற நுண்ணுயிர் வந்தது. நத்தைகள் ஒவ்வொன்றாகச் செத்தன. வெறும் பாறை புறம்போக்கு நிலம் மாதிரி. முதலில் வந்தவன் வளைத்துப் போட்டுவிடுகிறான். அவனைத் தடுக்க அங்கே வேறு யாரும் குடியில்லை. இதை அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் மாதக்கணக்கான வேதனையைத் தவிர்த்திருப்பேன். உலர் பாறையில் வெற்றி பெற்றவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்த பொறுமையை யாரும் முதலில் சொல்வதில்லை.

பிறகு கடல் பாறை வாங்கினேன், அதிலும் ஒரு தவறு செய்தேன். செத்ததெல்லாம் கழிந்து போகும்படி தனி நீரில் வைத்துப் பதப்படுத்தியாயிற்று என்று விற்றவர் சொன்னதை நம்பி, மூன்று துண்டுகளை நேரே தொட்டியில் வைத்தேன். பாறை தண்ணீரைவிட்டு வெளியே இருந்த நேரத்தில் அதன் மேலிருந்த கடற்பஞ்சுகள் பாதி செத்திருந்தன. இரண்டாம் நாள் அம்மோனியா ஏறியது, மூன்றாம் நாள் காலையில் கோமாளி மீன் ஜோடி மூலையில் பக்கவாட்டில் கிடந்தது. அவை இரண்டு ஆண்டுகள் என்னிடம் இருந்தவை. அந்த இழப்பை நினைத்துத்தான் இந்தப் பகுதியை விரிவாக எழுதுகிறேன்.

பதப்படுத்த, பாறை வந்ததும் நேரே ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குப் போக வேண்டும். 1.025 அடர்த்தியுள்ள உப்புநீர், 25 அல்லது 26 டிகிரி செல்சியஸுக்கு ஒரு ஹீட்டர், தண்ணீரை நன்றாகச் சுழற்றும் ஒரு பம்ப் போதும். ஸ்கிம்மர் இருந்தால் இன்னும் நல்லது. ஈரத்தாளில் சுற்றி வரும் பாறையைவிடத் தண்ணீரிலேயே மூழ்கி வரும் பாறையில் பல மடங்கு உயிர் மிஞ்சும். செலவு கூடினாலும் அப்படி வருவதையே கேளுங்கள். வெள்ளையாகக் கொழகொழத்துப் போன கடற்பஞ்சு, கருத்து நாறும் பகுதி ஆகியவற்றைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுத்துவிடுங்கள். அம்மோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தாண்டினால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். கழிவு தானாகக் குறையட்டும் என்று விட்டுவிட்டால், எதைக் காசு கொடுத்து வாங்கினோமோ அந்த உயிர்களே செத்துப்போகும். தினமும் மிதமான வெளிச்சம் சில மணி நேரம் கொடுங்கள். முழு இருட்டில் வைத்தால் பாசிகளும் பவளக் குஞ்சுகளும் மடிந்துவிடும். மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்தில் நிலைத்து நிற்க வேண்டும். அதோடு மூக்கையும் நம்புங்கள். தொடக்கத்தில் அழுகிய முட்டை நாற்றம் வரும். பதப்படுத்தி முடிந்த பாறையைத் தூக்கி முகர்ந்தால் கடற்கரைக் காற்றின் மணம் மட்டுமே இருக்கும்.

அந்த வாரங்களின் இன்னொரு பயன், ஒட்டி வந்த விருந்தாளிகளைத் தெரிந்துகொள்வது. இரவில் விளக்குகளை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சோடு உட்காருங்கள். மயிர் போன்ற கைகளை ஒவ்வொரு துளையில் இருந்தும் நீட்டி இரை தேடும் உடுமீன்கள், தூசி போலத் துள்ளும் கோபிபாடு என்ற நுண்ணிய உயிர்கள், விசிறியை விரித்து மூடும் குழல்புழுக்கள் எல்லாம் வெளியே வரும். மூன்றாம் இரவு தொட்டியில் இருந்து ‘டக்... டக்...’ என்று ஒரு சத்தம் கேட்டேன். விரல் நுழையும் அளவு துளை ஒன்று, அதன் வாயில் காம்பின் மேல் உருளும் இரண்டு கண்கள்: மான்டிஸ் இறால். நத்தை ஓட்டையே உடைக்கும் அடி அதற்கு உண்டு. பாறையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி, அந்தத் துளையில் மட்டும் சோடாநீரைப் பாய்ச்சினேன். துள்ளி வெளியே வந்து விழுந்தது. கொல்ல மனம் வரவில்லை, தனிச் சிறுதொட்டியில் வளர்த்தேன்.

எல்லாப் புழுவையும் பார்த்துப் பதற வேண்டாம். உடலெல்லாம் மெல்லிய முள் கொண்ட சிறிய புழுக்கள் பெரும்பாலும் எச்சத்தைத் தின்று துப்புரவு செய்பவை. வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். கறுத்த நுனியுள்ள இடுக்கியும் உடலில் மயிரும் கொண்ட நண்டை எடுத்துவிடுங்கள். வெளிர் பழுப்பு நிறத்தில் கண்ணாடி போலத் தெரியும் சிறு கடற்சாமந்தி, ஐப்டேசியா என்ற தொல்லை தரும் வகையாக இருக்கலாம். அதைக் கிள்ளவோ நசுக்கவோ கூடாது, பிய்ந்த துணுக்கு ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும். ஒரே துண்டில் நிறைய இருந்தால் அந்தத் துண்டையே ஒதுக்கிவிடுவது மேல். மீன்களின் வெண்புள்ளி நோய்க் கூடுகளும் பாறையில் ஒட்டி வரக்கூடும். ஓம்புயிர் இல்லாவிட்டால் அந்த ஒட்டுண்ணி அழிந்துபோகும் என்பதால், மீனே இல்லாமல் இரண்டரை மாதம் வைத்திருக்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால் அந்தக் கவலையும் தீரும். பூச்சியை ஒழிக்கிறேன் என்று செம்பு மருந்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். முதுகெலும்பில்லாத உயிர்கள் அத்தனையும் போய்விடும்.

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்: எந்த நிலையிலும் பாறையைக் கொதிக்க வைக்காதீர்கள், கொதிநீரும் ஊற்றாதீர்கள். பாலித்தோவா போன்ற ஜோவாந்திட் வகைகள் (பவளத்துக்கு உறவான, பூப்போல விரியும் உயிர்கள்) பாறையில் ஒட்டியிருக்கலாம். அவற்றில் உள்ள பாலிடாக்சின் மிகக் கொடிய நஞ்சு, சூட்டில் அழியாது. ஆவியோடு கலந்து மூச்சில் போய்க் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பாறையைக் கையாளும்போது கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து வாங்குவது என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு காலத்தில் பிஜி போன்ற தீவுகளில் இருந்து கடப்பாறையால் பெயர்த்த பாறை டன் கணக்கில் ஏற்றுமதியானது. மீன்களும் நண்டுகளும் ஒதுங்கும் வீட்டைத்தான் அப்படிப் பெயர்த்தார்கள். கல் பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை; அவற்றால் ஆன இந்தப் பாறையும் உரிய அனுமதி இல்லாமல் எல்லை கடக்கக் கூடாது. புளோரிடாவை ஒட்டிய அமெரிக்கக் கூட்டரசுக் கடற்பகுதியில் 1997 முதல் இயற்கைப் பாறையைப் பெயர்ப்பதற்குத் தடை. அங்கே குத்தகைக்கு எடுத்த கடற்படுகையில் நிலத்துச் சுண்ணாம்புக் கல்லைக் கொட்டி, சில ஆண்டுகள் கழித்து உயிர் படர்ந்த பிறகு எடுக்கிறார்கள். கடலில் விளைந்த பாறைதான், ஆனால் எந்தப் பவளத்திட்டும் உடையவில்லை. உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்த்து, பண்ணைப் பாறை என்று ஆவணத்தோடு கொடுப்பவரிடம் மட்டும் வாங்குங்கள். கடற்கரைக்குப் போய் நீங்களே எடுத்து வரலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். சட்டப்படி கிடைக்காவிட்டால் உலர் பாறையில் தொடங்கி, நன்றாக ஓடும் ஒரு நண்பரின் தொட்டியில் இருந்து கைப்பிடிப் பாறையும் கொஞ்சம் மணலும் வாங்கிப் போடுங்கள்.

லிட்டருக்கு 120 முதல் 240 கிராம் பாறை என்பது பழைய கணக்கு. அத்தனையும் கடல் பாறையாக இருக்கத் தேவையில்லை. என் இரண்டாவது தொட்டியில் நான்கில் ஒரு பங்குதான் கடல் பாறை, மீதி உலர் பாறை. தயிருக்கு உறை ஊற்றுவது போல அந்தக் கால் பங்கில் இருந்து மற்றதற்குப் பரவியது. ஐந்தாம் மாதம் உலர் பாறைகளின் நிழல் பக்கத்தில் கத்தரிப்பூ நிறத்தில் சுண்ணாம்புப் பாசி பொட்டுப் பொட்டாகத் தெரியத் தொடங்கியது. பழுப்புத் தூள் இரண்டு வாரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது, டைனோ வரவே இல்லை. ஏழாம் மாதம், நான் எதுவுமே நடாத ஒரு கடல் பாறையின் விளிம்பில் மிளகளவு ஒரு பழுப்புப் புள்ளி தென்பட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது உணர்கொம்புகளை விரித்துக்கொண்டிருந்தது, கல் பவளக் குஞ்சு. இப்போது கட்டைவிரல் நகம் அளவு வளர்ந்திருக்கிறது.