ஒரு நாளைக்கு நாற்பது தடவை

கேள்வி: எனக்கு வயது 36. எட்டு மாதங்களுக்கு முன் என் சித்தி தொண்டைப் புற்றுநோயில் இறந்தார். அடுத்த வாரமே என் தாடைக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு நெறி கையில் தட்டுப்பட்டது. இரண்டு டாக்டர்கள் பார்த்து, ஸ்கேனும் எடுத்து, பயப்பட எதுவுமில்லை என்றார்கள். இரண்டு நாள்தான் நிம்மதி, மறுபடியும் பயம். குளிக்கும்போது, பஸ்ஸில், தூக்கத்தில் விழிப்பு வந்தால்கூட என்று நாளைக்கு நாற்பது தடவையாவது தொட்டுப் பார்க்கிறேன். வேறு வேலை இல்லையா என்கிறார் கணவர். எனக்குப் பைத்தியமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: பைத்தியம் எல்லாம் இல்லை. அந்த நாற்பது தடவையைத்தான் முதலில் பேச வேண்டும்.

காது மடலை ஒரு நாள் முழுக்க நாற்பது தடவை கிள்ளினால் என்ன ஆகும்? சிவக்கும், தடிக்கும், வலிக்கும். நெறியும் அப்படித்தான். அழுத்த அழுத்த நோகும். 'நேற்று வலிக்கவில்லையே, இன்று வலிக்கிறதே' என்று பயம் கூடும், கை மறுபடி அங்கேயே போகும். நெறி என்பது வீங்கிய நிணநீர்க் கணு, கிருமிகளைத் தடுக்கும் சின்ன முடிச்சு. நம் உடம்பில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சொத்தைப் பல், தொண்டைப் புண், தலையில் ஒரு சிரங்கு போதும், கழுத்தில் நெறி கட்டிவிடும். சில, காரணம் போன பிறகும் பட்டாணி மாதிரி அப்படியே தங்கிவிடும்.

உங்களுக்கு இருப்பது நோய்ப் பதற்றம், அதாவது பெரிய நோய் இருக்குமோ என்ற ஓயாத பயம் போலத் தெரிகிறது. 'ஹைப்போகாண்ட்ரியா' என்ற பழைய பெயர் கேலிச்சொல்லாகிவிட்டதால், அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-இல் மனநோய்களைப் பட்டியலிடும் தங்கள் கையேட்டிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் கணவருக்கும் இதைச் சொல்லுங்கள். பயம் பொய்யில்லை, அதற்கு நீங்கள் கொடுக்கும் மருந்துதான் தவறு. ஒவ்வொரு 'ஒன்றுமில்லை'யும் இரண்டு நாளில் தீர்ந்துபோகிறது. மூன்றாவது டாக்டர் சொன்னாலும் அவ்வளவுதான்.

அதனால் புது டாக்டர் வேண்டாம். ஏற்கெனவே பார்த்தவரிடமே அடுத்து எப்போது வர வேண்டும் என்று தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். நடுவில் கை போனால், 'சரி, கால் மணி நேரம் கழித்து' என்று தள்ளிப் போடுங்கள். முதல் வாரம் ரொம்பக் கஷ்டமாக இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி கூகுளில் தேடுவதை அடியோடு விடுங்கள். நெறி கெட்டியாகி, அசையாமல், வளர்ந்துகொண்டே போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ மட்டும் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

இதற்கென்றே சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சை இருக்கிறது, நல்ல பலன் தரும். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரையும் தருவார். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கட்டணமில்லாமல் போன் செய்து தமிழிலேயே பேசலாம்.

அப்புறம் ஒன்று. சித்தியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக்கொண்டது நீங்களா? அவர் போன அடுத்த வாரமே உங்கள் கை கழுத்துக்குப் போயிருக்கிறது. அழுதீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. அடுத்த கடிதத்தில் நெறியை விட்டுவிட்டு, அவரைப் பற்றி எழுதுங்கள்.