பிரெஞ்சு இருக்கிறது, சரி. அதைக் கவனிப்பது யார்?

நீங்கள் அனுப்பிய இரண்டு பள்ளிகளின் கையேடுகளையும் பார்த்தேன். ஒன்றில் பிரெஞ்சு மட்டும், இன்னொன்றில் பிரெஞ்சும் ஜெர்மனும். ஆறாம் வகுப்புக்குப் போகும் மகளுக்கு எந்த மொழி நல்லது என்று கேட்கிறீர்கள். அதை அப்புறம் பார்ப்போம். முதலில் பள்ளியில் இதைக் கேளுங்கள்: மொழி ஆசிரியரின் வகுப்பை மேற்பார்வை செய்பவருக்கு அந்த மொழி தெரியுமா?

கணக்கைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் இன்னொரு கணக்கு ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார். ஏன், வீட்டில் நோட்டைப் புரட்டும் நீங்களே பிடித்துவிடுவீர்கள். பிரெஞ்சுக்கோ பல பள்ளிகளில் ஒரே ஒரு ஆசிரியர். முதல்வர் எப்போதாவது வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். பிள்ளைகள் அமைதியாக இருக்கிறார்களா, நோட்டு திருத்தியிருக்கிறதா என்று பார்ப்பார். 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்கான பிரெஞ்சுச் சொற்களை (ils parlent) 'இல் பார்ல்' என்று சொல்ல வேண்டும். எழுத்தில் கடைசியாக நிற்கும் மூன்று எழுத்துக்கு ஒலியே கிடையாது. ஆசிரியர் அதை 'பார்லென்ட்' என்று வாசித்து, வகுப்பே கோரஸாக ஒப்பித்தாலும் முதல்வர் 'நன்று' என்று எழுதிவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

உச்சரிப்பையாவது பிறகு திருத்திக்கொள்ளலாம். வருடங்கள் வீணாவதுதான் பெரிய நஷ்டம். ஆறாம் வகுப்பில் வணக்கம், எண்கள், நிறங்கள் நடத்துவார்கள். ஏழாம் வகுப்பில் புது ஆசிரியர் வருவார். பழையவர் எதுவரை நடத்தினார் என்று சொல்ல ஆளிருக்காது, மறுபடி எண்களும் நிறங்களும். எட்டிலும் அதே கதை நடந்தால் மூன்று வருடக் கட்டணம் கட்டியும் குழந்தை ஏ1 என்ற தொடக்க நிலையைத் தாண்டியிருக்காது. அந்த மொழி தெரிந்த ஒருங்கிணைப்பாளர் இருந்தால் ஆறு முதல் பத்து வரை ஒரே பாடத்தொடர்ச்சி இருக்கும். ஆசிரியர் மாறினாலும் பாடம் விட்ட இடத்திலிருந்து தொடரும். புது ஆசிரியரை நேர்முகம் செய்யும்போது அந்த மொழியிலேயே நாலு கேள்வி கேட்கவும் ஒருவர் இருப்பார்.

'மார்க் நன்றாகத்தானே வருகிறது' என்பீர்கள். நம் ஊரில் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுப்பவர்களில் பலர் மார்க்குக்காகத்தான் எடுக்கிறார்கள். அந்த மார்க் பொறியியல் கட்-ஆஃபில் சேராது. அங்கே கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும்தான். எழுத்துத் தேர்வில் மனப்பாடம் கைகொடுக்கும், பேச்சில் கொடுக்காது. பிரெஞ்சுத் திறனைச் சோதிக்கும் டெல்ஃப் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மார்க். மொத்தம் 50 வாங்க வேண்டும், எதிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. வேலை என்று வந்தால் இன்னும் கறார். ஜெர்மனியில் நர்ஸாக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2, அதாவது ஏ1-லிருந்து எண்ணினால் நான்காம் படி, கேட்கிறார்கள். ஏ1-லேயே சுற்றிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

அதனால் பள்ளிக்குப் போகும்போது எட்டாம் வகுப்பு மொழி நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஆறாம் வகுப்பு நோட்டோடு வைத்துப் பாருங்கள். மொழி தெரியாவிட்டாலும் வாக்கியம் நீண்டிருக்கிறதா, பத்தி எழுதுகிறார்களா என்று தெரிந்துவிடும். போன வருடம் எத்தனை பிள்ளைகள் டெல்ஃபோ, ஜெர்மன் மொழி நிறுவனமான கோதே இன்ஸ்டிடியூட் பிள்ளைகளுக்கு நடத்தும் 'ஃபிட்' தேர்வோ எழுதினார்கள் என்றும் கேளுங்கள். ஜெர்மன் என்றால், 'பாஷ்' கூட்டாளிப் பள்ளியா என்று விசாரியுங்கள். ஜெர்மன் வெளியுறவுத் துறை 2008-ல் தொடங்கிய திட்டம் அது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி வெளியிலிருந்து கிடைக்கும். ஆனால் வெளி ஆதரவை மட்டும் நம்பவும் முடியாது. கேந்திரிய வித்யாலயாக்களில் 2011-ல் கோதே இன்ஸ்டிடியூட்டுடன் ஒப்பந்தம் போட்டு மூன்றாம் மொழியாக ஜெர்மன் நடத்தினார்கள். 2014-ல் கல்வியாண்டின் நடுவிலேயே அதை எடுத்துவிட்டுச் சமஸ்கிருதம் வைத்தார்கள். பாதியில் நின்றால் பிள்ளை எங்கே தொடரும் என்பதையும் யோசித்து வையுங்கள்.

இரண்டு பள்ளியிலும் மொழி தெரிந்த ஒருங்கிணைப்பாளர் இல்லையென்றால் மொழிக்காகக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியில் சேருங்கள். மகளுக்கு ஆர்வம் இருந்தால் ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் பிரெஞ்சுக்குச் சென்னை அலியான்ஸ் பிரான்ஸேஸிலோ, ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவனிலோ (கோதே இன்ஸ்டிடியூட்டின் இந்தியப் பெயர்) ஏ1-லிருந்து தொடங்கலாம், தாமதம் ஒன்றும் இல்லை. அப்படி ஒருவரைப் பள்ளியில் காட்டினார்கள் என்றால், மகளையும் அழைத்துப் போய் அவரோடு பத்து நிமிடம் பேச வையுங்கள். எந்த மொழி என்பதை அவளே சொல்லிவிடுவாள்.