ஹைப்பர்சோனிக் கனவு இருந்தால் வேதியியலை விடாதீர்கள்

சிங்கப்பூரில் உயர்நிலை 4 முடிக்கப்போகும் மகள் ஹைப்பர்சோனிக் ஏவுகணை என்றே பேசிக்கொண்டிருக்கிறாள், தொடக்கக் கல்லூரியில் வேதியியலை விட்டுவிட்டுக் கணினியியல் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம்.

காரணம் அவள் ஆசைப்படும் துறைக்குள்ளேயே இருக்கிறது. ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகம், அதாவது மாக் 5, தாண்டினால்தான் ஹைப்பர்சோனிக். 20 கிலோமீட்டர் உயரத்தில் காற்று ஏறக்குறைய 217 கெல்வின். மாக் 5-இல் பாயும் கலத்தின் முனையில் அது மோதி நிற்கும்போது 217 × (1 + 0.2 × 25) = 1302 கெல்வின். இதில் 25 என்பது மாக் எண் 5-இன் வர்க்கம். ஆயிரம் டிகிரி செல்சியசுக்கும் மேல். அலுமினியம் 660-லேயே உருகிவிடும். மாக் 10-க்கு இதே சூத்திரம் 4557 என்கிறது. உண்மையில் அவ்வளவு ஏறாது. சுமார் 2000 கெல்வினைத் தாண்டியதும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடையத் தொடங்கி வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. வேதியியல் தெரியாதவருக்கு அங்கே கணக்கு நின்றுவிடும்.

அணுகுண்டு இல்லாமலே உலகின் எந்த இடத்தையும் ஒரு மணி நேரத்துக்குள் தாக்கும் திறனைத் தேடி அமெரிக்கா சோதித்த எச்டிவி-2 என்ற ஆளில்லாக் கலம், 2011 ஆகஸ்டில் சுமார் ஒன்பது நிமிடம் பறந்து கடலில் முடிந்தது. மாக் 20 வேகத்தில் அதன் மேல்தோல் எதிர்பார்த்ததைவிடப் பெரிய அளவில் உரிந்தது. அதனால் எழுந்த அதிர்வலைகள் கலத்தைப் புரட்டின. தோற்றது மேல்தோல் செய்த பொருள். பொருளறிவியலின் அடித்தளமும் வேதியியல்தான்.

இனி வேலை. ஏவுகணைக்காக மட்டும் ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அமெரிக்க ஆயுதத் திட்டங்கள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கே. இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ 2024 நவம்பரில் 1500 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் ஹைப்பர்சோனிக் ஏவுகணையைச் சோதித்தது. அங்கும் விஞ்ஞானி பணிக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும். ஆனால் காற்றோட்டம், வெப்பம், உயர்வெப்பப் பொருள், கட்டுப்பாடு ஆகியவற்றைக் கற்றவருக்கு இங்கேயே இடம் உண்டு: தற்காப்பு ஆய்வு செய்யும் டிஎஸ்ஓ தேசிய ஆய்வுக்கூடங்கள், தற்காப்புத் தொழில்நுட்ப அமைப்பான டிஎஸ்டிஏ, எஸ்டி இன்ஜினியரிங் நிறுவனம், சிலேத்தாரில் இயங்கும் விமான இன்ஜின் நிறுவனங்கள்.

தொடக்கக் கல்லூரியின் முழுநிலைப் பாடங்களான எச்2 கணிதம், எச்2 இயற்பியல், எச்2 வேதியியல் மூன்றும் கையில் இருக்கட்டும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஏரோஸ்பேஸ், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இயந்திரப் பொறியியல், பொருளறிவியல் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். கணினி நிரலைப் பைத்தானில் வீட்டிலேயே பழகலாம். வேதியியலைப் பிறகு தனியாகப் பிடிப்பது கடினம். டிஎஸ்டிஏ-யும் டிஎஸ்ஓ-வும் நடத்தும் இளம் தற்காப்பு விஞ்ஞானிகள் திட்டத்துக்கு இந்த வயதிலேயே விண்ணப்பிக்கலாம். தற்காப்பு உபகாரச் சம்பளம் கிடைத்தால் பாண்ட் (படிப்புக்குப் பிறகு கட்டாயம் வேலை செய்ய வேண்டிய காலம்) எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பகுதியை அவளோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். ஆயுதம் தொடர்பான வேலையை மனம் ஏற்குமா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் பணமும் சேர்ந்து அழுத்தும்.

பலர் தடுக்கி விழுவது முதலாண்டில். காணொளி பார்த்து வந்தவர்களுக்குப் காற்று, நீர் ஓட்டத்தைப் பற்றிய பாய்ம இயக்கவியல் முழுக்க நுண்கணிதமாக இருப்பது அதிர்ச்சி. எனவே இந்த வாரமே மேலே உள்ள கணக்கை மாக் 7-க்கு அவளைப் போடச் சொல்லுங்கள். சூத்திரம் தரும் விடை 2344 கெல்வின். போட்டு முடித்து, அந்த 0.2 எங்கிருந்து வந்தது என்று அவளாகவே தேடத் தொடங்கினால், இந்தப் படிப்பு அவளுக்கு ஒத்துவரும்.